ஜாக்கும் ஒன்பதும்

எங்கள் ஆட்களுக்கு ஜாக்கைக் கண்டால் கண்மண் தெரியாது. அதோடு ஒன்பதும் சேர்ந்து வந்துவிட்டால் பிறகு அவர்களோடு கதைத்துப் பயனில்லை. முந்நூற்றுநாலு என்கிற சீட்டு விளையாட்டோடு வளர்ந்த யாரிடமும் கேட்டுப் பாருங்கள். அந்த விளையாட்டில் ராஜாவும் ராணியும் வெறும் சோடனை. ஏஸ்கூட மூன்றாம் இடத்தில்தான் நிற்கும். ஜாக்தான் பெரியவன், அவனுக்கு அடுத்தவன் ஒன்பது. வெளியாட்களுக்குக் கேட்டால் சிரிப்பு வரும். ஆனால் சின்ன வயதில் மண்டைக்குள் ஏறிய ஒழுங்கு அது, பிறகு எதைப் போட்டுத் தேய்த்தாலும் போகாது.

என் கணவருக்கும் போகவில்லை. பலெர்மோவில், ஒரு போனுக்குள்ளே, முகம் தெரியாத இத்தாலியர்களோடு போக்கர் விளையாடியபோதும் போகவில்லை. போக்கரில் ஜாக்கும் ஒன்பதும் ஒரு நடுத்தரக் கை. எதிரே ஒருவன் காசை அள்ளிப் போட்டால் அதை எறிந்துவிட்டு அடுத்த கைக்குக் காத்திருக்க வேண்டும். அப்படிக் காத்திருக்கிறவன்தான் விளையாடத் தெரிந்தவன். இதை அவருக்கு எத்தனை தரம் சொல்லியிருப்பேன்! சொன்ன என் வாயைத்தான் கழுவ வேண்டும்.

காசு போனதைப் பற்றி நான் இங்கே எழுதப்போவதில்லை. போனது போனதுதான். காசைப் பற்றி எழுதினால் வாசிக்கிற எல்லோரும் "ஓ, காசுப் பிரச்சினையா?" என்று தலையாட்டிவிட்டுப் போய்விடுவார்கள். எங்கள் வீட்டில் போனது ஒரு கதவு.

போர் முடிந்து ஐந்தாறு வருடங்கள் ஆகியிருந்தன. வன்னியிலிருந்து வந்த நாங்கள் பலெர்மோவின் சீசாப் பகுதியில் ஒரு மாடி வீட்டில், இன்னொரு குடும்பத்தோடு சேர்ந்து இருந்தோம். எங்களுக்கு ஓர் அறை, அவர்களுக்கு ஓர் அறை. குசினியும் குளியலறையும் பொது. அந்தக் குடும்பத்தின் பொரித்த எண்ணெய்ச் சட்டி எந்த நேரமும் அடுப்பிலேயே கிடக்கும். குளிக்கப் போனால் கதவுக்கு வெளியே யாராவது நின்று இருமுவார்கள். கணவர் சியாகுல்லித் தோட்டங்களில் மண்டரின் தோடம்பழம் பறிக்கப் போவார். பருவம் முடிந்தால் கிடைத்த வேலை. நான் வீடு வீடாகத் துடைக்கப் போவேன். மகள் அந்த அறைக்குள் கட்டிலில் குப்புறப் படுத்துக்கொண்டு பள்ளிக்கூட வேலை செய்வாள்.

நான் துடைத்த வீடுகளில் ஒன்று போர்கோ வெக்கியோ சந்தைக்குப் பக்கத்து வீதியில், பழைய ஆறு மாடிக் கட்டிடம் ஒன்றில் இருந்தது. அந்தக் கட்டிடத்துக் காவல்காரர் ஓய்வுபெற்றுப் போனபோது நான் நிர்வாகியைப் பிடித்து, கதைத்து, கெஞ்சி, என் கணவருக்கு அந்த வேலையை வாங்கினேன். வாசலில் ஒரு கண்ணாடிக் கூண்டு. அதற்குள் இருந்து வருகிறவர் போகிறவரைப் பார்க்க வேண்டும், கடிதங்களைப் பிரித்து வைக்க வேண்டும், படிகளைக் கழுவ வேண்டும். லிப்ட் நடுவில் நின்றுவிட்டால் மொட்டைமாடி இயந்திர அறைக்குப் போய், கையால் சக்கரத்தைச் சுழற்றி அதைத் தளத்துக்குக் கொண்டுவர வேண்டும். அதற்கு லிப்ட் கம்பனி ஆள் வந்து அவருக்குப் பழக்கிக் கொடுத்தான். அந்தச் சாவி அவரிடம் மட்டும்தான் இருக்கும்.

இவ்வளவுக்கும் சேர்த்து, கீழ்த்தளத்தில் இரண்டு சின்ன அறைகள் எங்களுக்கு. தனிக் குசினி, தனிக் குளியலறை. முக்கியமாக, எங்களுக்கென்று ஒரு வாசல் கதவு. மகள் முதல் நாள் அந்தக் கதவை வேண்டுமென்றே நாலைந்து தரம் திறந்து திறந்து பூட்டினாள். "மம்மா, questa è nostra? உண்மையா எங்கடையா?" என்று கேட்டாள். ஓம், எங்கடைதான் என்று சொன்னேன். அன்றிரவு நான் குளித்தபோது வெளியே யாரும் இருமவில்லை.

பிறகுதான் அந்தக் கோதாரி பிடித்த போக்கர் வந்தது.

சியாகுல்லியில் அவரோடு பழம் பறித்த ஒரு சிநேகிதன் காட்டிக் கொடுத்தான். முதலில் சும்மா காசில்லாமல் விளையாடலாம் என்றானாம். ஒவ்வொருவருக்கும் கையில் இரண்டு சீட்டு, மேசையில் பொதுவாக ஐந்து சீட்டு ஒவ்வொன்றாகத் திறக்கும். ஒவ்வொரு முறையும் இன்னும் போடலாம், அல்லது கையை எறிந்துவிட்டு விலகலாம். என் கணவருக்கு முதல் நாளே ஜாக்கும் ஒன்பதும் வந்தன. மேசையில் இன்னும் இரண்டு ஜாக்கும் ஓர் ஒன்பதும் திறந்தன. எல்லோரையும் வழித்துத் துடைத்துவிட்டார். அந்தக் கை மட்டும் அன்றைக்குத் தோற்றிருந்தால் நான் இன்றைக்கு இதை எழுதிக்கொண்டிருக்க மாட்டேன்.

"பாத்தியோ? ஜாக் எண்டால் எங்கையும் ஜாக்தான்," என்றார்.

விலகுவதற்கான பொத்தானில் 'பாஸ்ஸா' என்று இத்தாலியனில் எழுதியிருந்தது. அதைப் பார்த்து அவருக்கு ஒரே பகிடி. "சோதினையிலை பாஸ் எண்டால் வெண்டதெல்லே? இவங்கள் தோத்துப்போறதுக்கும் பாஸ் எண்டு பேர் வைச்சிருக்கிறாங்கள். விசரங்கள்." அந்தப் பொத்தானை அவர் பெருவிரல் தொட்டதே இல்லை. அது எதற்கு அங்கே இருக்கிறது என்றே அவருக்கு விளங்கவில்லை என்று நினைக்கிறேன்.

எனக்கு விளங்கியது. எனக்கும் காட்ஸ் வரும். போர் முடிந்ததும் எங்களை அடைத்து வைத்திருந்த முகாமில் ஆம்பிளைகள் தறப்பாளுக்குக் கீழே விடிந்தால் பொழுதுபட்டால் முந்நூற்றுநாலுதான். வேறு என்ன வேலை இருந்தது? நாலாவது ஆள் கிடைக்காத நாட்களில் நான் போய்க் குந்துவேன். அவரும் நானும் ஒரு பக்கம். எனக்கு அவரைவிட நன்றாக வரும், அது அவருக்கும் தெரியும். அந்த விளையாட்டில் கை எவ்வளவு மோசமாக இருந்தாலும் கடைசிச் சீட்டு வரைக்கும் போட்டே ஆக வேண்டும். நம்மிடம் ஒன்றுமில்லாவிட்டாலும் எதிரே இருக்கிற பார்ட்னரிடம் ஏதாவது இருக்கும். நடுவில் சீட்டை வைத்துவிட்டு எழும்பினால் அது அவனைக் காட்டிக்கொடுத்த மாதிரி.

அதனால் அவருக்குப் பக்கத்தில் இருந்து பார்த்து நானும் போக்கரை விளங்கிக்கொண்டேன். ஒருநாள் கேட்டேவிட்டேன்.

"மேசையிலை ராணி ரெண்டு கிடக்கு. அந்த ஆள் அள்ளி அள்ளிப் போடுறான். அவனிட்டை இன்னொரு ராணி இருக்குது எண்டு குழந்தைப்பிள்ளைக்கும் தெரியும். எறியுங்கோவன் உந்தக் கையை."

"உனக்கென்ன தெரியும்? என்னட்டை ஜாக் கிடக்கு."

"இது முந்நூற்றுநாலு இல்லை."

"முந்நூற்றுநாலிலை ஆராவது கையை எறிஞ்சுபோட்டு எழும்புவானோ? எழும்பினால் பார்ட்னர் செருப்பாலை அடிப்பான்."

"சரி. இதிலை ஆர் உங்கடை பார்ட்னர்?"

போன் கீச்சென்றது. அவருடைய முறை. குனிந்துவிட்டார்.

தோற்பதைக்கூட நான் பொறுத்திருப்பேன். அந்த அரியண்டத்தைத்தான் பொறுக்க முடியவில்லை. சோற்றுக் கோப்பைக்கு முன்னால் இருந்து வலக்கையால் பிசைந்தபடி இடக்கையால் போனைத் தட்டுவார். இடக்கை பிந்தினால் வலக்கையே போகும், குழம்போடு. போன் கண்ணாடியில் பருப்பு காய்ந்து மஞ்சள் பொருக்குக் கட்டியிருக்கும். அதை நகத்தால் சுரண்டிவிட்டு அதே நகத்தால் பல்லுக் குத்துவார். கக்கூசுக்கும் அந்தப் போன் போகும், திரும்பி வந்து சாப்பாட்டு மேசையில் பாணுக்குப் பக்கத்தில் கிடக்கும். பூசைக்குப் போனால் கோயிலுக்குள்ளும் அவருடைய காற்சட்டைப் பைக்குள் காசு விழுகிற மாதிரி ஒரு சத்தம் கேட்கும். பாதர் பிரசங்கத்தை நிறுத்தி நிமிர்ந்து பார்ப்பார். எனக்கு அப்படியே நிலம் பிளந்து உள்ளே போகலாம் போல இருக்கும்.

என் மகள் பள்ளிக்கூடத்தில் பழகிய சொல் ஒன்றை வீட்டுக்குக் கொண்டுவந்திருந்தாள்: ஸ்கீஃபோ. இங்கத்தையச் சனம் அழுகிய பழத்தைக் கண்டாலும் சொல்லும், அரசியல்வாதியைக் கண்டாலும் சொல்லும். எங்கள் அரியண்டத்துக்கு அதைவிடப் பொருத்தமான இத்தாலியச் சொல் இல்லை. "பப்பா, che schifo!" என்று அவள் தன் கோப்பையைத் தூக்கிக்கொண்டு அடுத்த அறைக்குப் போய்விடுவாள். அவர் நிமிர்ந்தும் பார்க்க மாட்டார். "ஒரு கை, ஒரு கை," என்பார்.

அந்த ஒரு கை எங்களை எங்கே கொண்டுபோய் விட்டது என்று சொல்கிறேன்.

ஒக்டோபரில் ஒருநாள். சிரொக்கோ வீசி ஊரெல்லாம் அடுப்புக்குள் இருக்கிற மாதிரிக் கிடந்தது. நான் வேறொரு வீட்டில் வேலையை முடித்து, சந்தையில் கத்தரிக்காய் வாங்கிக்கொண்டு மத்தியானம் போல வந்தேன். வாசலுக்குள் கால் வைத்ததுமே கதவைத் தட்டுகிற சத்தம். மேலே, இரண்டாம் மாடிக்கும் மூன்றாம் மாடிக்கும் நடுவில், லிப்டுக்குள் இருந்து. "போர்த்தியேரே! போர்த்தியேரே!" என்று காவல்காரரைக் கூப்பிடுகிற ஒரு கிழட்டுக் குரல். கத்திக் கத்தி அடைத்துப்போன குரல்.

மூன்றாம் மாடிச் சிஞ்ஞோரா. எண்பதைத் தாண்டிய விதவை. உதட்டுச் சாயம் பூசாமல் குப்பை போடக்கூடக் கீழே இறங்க மாட்டார். வியாழக்கிழமைகளில் மூன்று சிநேகிதிகள் வந்து அவரோடு காட்ஸ் விளையாடுவார்கள். நான் அவருடைய வீட்டையும் துடைக்கிறவள்தான்.

லிப்டுக்குள் இருந்து அமத்துகிற அபாய மணி கண்ணாடிக் கூண்டுக்குள்தான், கணவரின் கதிரைக்கு நேர் மேலே, சுவரில் இருக்கிறது. அது அடித்தால் கட்டிடமே அதிர வேண்டும். ஆனால் அடிக்கவில்லை, ஏதோ தொண்டைக்குள் சிக்கிய மாதிரிக் கிரு கிரு என்றது. நான் கூண்டுக்குள் எட்டிப் பார்த்தேன்.

என் கணவர் இடக்கையைத் தலைக்கு மேலே நீட்டி அந்த மணியைப் பொத்திப் பிடித்துக்கொண்டு, வலக்கையால் போனைத் தட்டிக்கொண்டிருந்தார்.

நான் பிறகு எத்தனையோ அருவருப்பான விடயங்களைப் பார்த்துவிட்டேன். நோயாளிகளைத் துடைத்திருக்கிறேன், பூட்டிக் கிடந்த வீடுகளின் பிரிஜ்களைத் திறந்து கழுவியிருக்கிறேன். அந்தக் கையைப் போல ஒன்றை நான் கண்டதில்லை.

"மனிசரே நீங்கள்? மனிசி உள்ளுக்கை நிண்டு கத்துது! எழும்புங்கோ!"

"ஓம், போறன், போறன். கேக்குதுதானே. இந்த ஒரு கை முடியட்டும்."

"சாவியைத் தாங்கோ!"

"உனக்கு ஏலாது. பொறடி, கடைசிச் சீட்டுத் திறக்கப்போகுது."

நான் போனைப் பறிக்கப் போனேன். அவர் அதை உயரத் தூக்கிப் பிடித்தார், மணியில் இருந்து கையை எடுக்காமலே. இரண்டு கையையும் மேலே தூக்கிக்கொண்டு, பொலிஸ்காரனிடம் பிடிபட்ட கள்ளனைப் போல நின்றுகொண்டு, அண்ணாந்து விளையாடினார். கடைசிச் சீட்டுத் திறந்தது. முகம் தொங்கியது. தோற்றுவிட்டார். அதற்குப் பிறகுதான் சாவியை எடுத்துக்கொண்டு படியேறினார்.

லிப்ட் மெதுவாக இரண்டாம் மாடிக்கு இறங்கியது. நான்தான் கதவைத் திறந்தேன். உள்ளே வெப்பமும் மீன் மணமும் முகத்தில் அடித்தன. சிஞ்ஞோரா வாங்கி வந்த மீன் பை கிழிந்து, ஐஸ் உருகி, தரையெல்லாம் தண்ணீர். மீன் தண்ணீர் மட்டும் இல்லை என்பது கொஞ்சத்தில் எனக்கு விளங்கியது. அவர் பாவாடையை இரண்டு கையாலும் முன்னுக்குப் பொத்திக்கொண்டு சுவரோடு ஒட்டி நின்றார். உதட்டுச் சாயம் நாடிவரைக்கும் இழுபட்டிருந்தது. என் முகத்தைப் பார்க்கவில்லை.

நான் என் சால்வையை அவருடைய இடுப்பில் சுற்றி, படிவழியே வீட்டுக்குக் கூட்டிப்போய்க் குளிப்பாட்டினேன். அந்தப் பாவாடையை எடுத்து வந்து என் வீட்டில் கழுவினேன். லிப்டையும் நானே கழுவினேன், மூன்று தண்ணீர் ஊற்றி. கணவர் கூண்டுக்குள் இருந்து, "பத்து ஒண்டு வந்திருந்தால் அவ்வளவு பேரையும் திண்டிருப்பன்," என்றார். மாதாவே! அவருக்கு அந்தக் கை இன்னும் முடியவில்லை.

அயல் வீட்டுக்காரர்கள் சிஞ்ஞோரா கத்தியதைக் கேட்டிருந்தார்கள். பின்னேரமே நிர்வாகி வந்தார். நல்ல மனிதர், ஆனால் வழவழவென்று கதைக்கிறவர் இல்லை. கட்டிடத்து வீட்டுச் சொந்தக்காரர்களின் கூட்டம் வருகிறது, அதில் இதை எடுப்பார்கள் என்றார். எல்லாம் மூன்றாம் மாடிச் சிஞ்ஞோராவின் கையில் இருக்கிறது. அவர் முறைப்பாடு சொன்னால் எல்லோரும் கை உயர்த்துவார்கள். அவர் விட்டுவிட்டால் மற்றவர்களும் விட்டுவிடுவார்கள். வேலை போனால் வீடும் போகும், அது உங்களுக்குத் தெரியும்தானே என்று என்னைப் பார்த்துத்தான் சொன்னார். அடுத்த அறையில் மகள் எங்கள் வாசல் கதவில் ஒட்டுவதற்கு, டிசம்பர் வருமுன்னமே, நத்தார் படம் கீறிக்கொண்டிருந்தாள்.

நான் பாவாடையை மடித்து, அயர்ன் பண்ணி எடுத்துக்கொண்டு மேலே போனேன். சிஞ்ஞோராவிடம் ஒரு பொய் சொன்னேன். கணவருக்கு அன்றைக்கு வயிற்றோட்டம், கக்கூசுக்குள் இருந்து எழும்ப முடியவில்லை, மணி கேட்டும் வர முடியவில்லை என்றேன். சொல்லும்போது வெட்கம் வரவில்லை. அந்தக் கதவுக்காக நான் இன்னும் பெரிய பொய்யும் சொல்லியிருப்பேன்.

அவர் பாவாடையை மடியில் வைத்துத் தடவினார்.

"கிழவர்களுக்குத்தான் உடம்பு சொன்ன சொல் கேட்காது என்று நினைத்தேன்," என்றார். பிறகு என்னைப் பார்த்துச் சிரித்தார், அந்த நாளுக்குப் பிறகு முதல் தடவையாக. "பாவம். அவனும் என்னைப் போலத்தான் அவதிப்பட்டிருக்கிறான். வந்து ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போகட்டும். நான் கூட்டத்தில் ஒன்றும் சொல்ல மாட்டேன்."

நான் கீழே இறங்கி வந்து கணவருக்குப் படித்துப் படித்துச் சொன்னேன். "வயித்தோட்டம். மன்னிச்சுக்கொள்ளுங்கோ. அவ்வளவுதான். வேறை ஒரு சொல்லும் வாயிலை வரப்படாது."

"ஓம் ஓம், நான் என்ன பேயனே?"

வெள்ளைச் சேர்ட் போட்டு, தலை வாரி இழுத்து, மாப்பிள்ளை மாதிரி வந்தார். நானும் கூடப் போனேன். போனை என்னிடம் தரச் சொன்னேன், தரவில்லை, நிறுத்திவிட்டேன் என்றார். அது ஒரு வியாழக்கிழமை. சிநேகிதிகள் இன்னும் வரவில்லை. மேசையில் பச்சைத் துணி விரித்து, காட்ஸ் கட்டு வைத்துத் தயாராக இருந்தது. சிஞ்ஞோரா உதட்டுச் சாயத்தோடு வடிவாக இருந்தார். இவர் போய் நின்று, கையைக் கட்டி, தலையைக் குனிந்து, மன்னிப்புக் கேட்டார். நன்றாகவே கேட்டார். எனக்கே கொஞ்சம் இரக்கம் வந்தது. சிஞ்ஞோரா எழுந்து அவருடைய கன்னத்தில் தட்டி, "இப்போது வயிறு சுகமா?" என்று கேட்டுவிட்டு எங்களுக்குக் கோப்பி ஊற்றினார்.

முடிந்தது. வென்றுவிட்டோம். கோப்பியைக் குடித்துவிட்டு இறங்கி வந்தால் போதும்.

அந்த மனிதர் பச்சைத் துணியைப் பார்த்தார். காட்ஸ் கட்டைப் பார்த்தார். அவருடைய முகத்தில் ஒரு வெளிச்சம் வந்ததை நான் கண்டேன். காலால் அவருடைய காலை இடித்தேன். அவருக்கு அது உறைக்கவில்லை.

"சிஞ்ஞோரா, உங்களுக்கு நான் பொய் சொல்லக்கூடாது," என்று இத்தாலியனில் தொடங்கினார். "வயிறு இல்லை. என்னிடம் ஒரு நல்ல கை இருந்தது. நீங்களும் காட்ஸ் விளையாடுகிற ஆள். உங்களுக்கு விளங்கும்."

சிஞ்ஞோரா கோப்பிப் பாத்திரத்தைக் கீழே வைத்தார். "என்ன கை?"

"ஜாக்கும் ஒன்பதும், சிஞ்ஞோரா."

"ஒரே ஜாதியா?"

"இல்லை. வேறு வேறு."

"மேசையில்?"

"ராஜாவும் ராணியும். ஒரு பத்து வந்திருந்தால் வரிசை முழுதாகியிருக்கும்…"

"வந்ததா?"

"இல்லை."

சிஞ்ஞோரா அவரை மேலும் கீழும் பார்த்தார். அந்தப் பார்வையை நான் அறிவேன். சந்தையில் செவுளைத் தூக்கிப் பார்த்துவிட்டு மீனைத் திரும்ப வைக்கும்போது பார்க்கிற பார்வை.

"ஒரு ஜாக்குக்கும் ஒன்பதுக்கும்," என்றார் மெதுவாக. "அதுவும் வேறு வேறு ஜாதி. அதற்காக என்னை அதற்குள் நிற்க வைத்தாய்." பிறகு அந்தச் சொல்லைச் சொன்னார், பிள்ளைக்கு எழுத்துச் சொல்லிக் கொடுக்கிற மாதிரி, பிரித்துப் பிரித்து. "சி பாஸ்ஸா. அந்தக் கைக்கு பாஸ் சொல்ல வேண்டும்." எழுந்து போய் வாசல் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றார். நாங்கள் வெளியே வரும்வரை அவர் எங்களைத் திரும்பிப் பார்க்கவில்லை.

படியில் இறங்கும்போது கணவர் என்னிடம் கேட்டார்: "வேறை வேறை ஜாதி எண்டதாலைதான் கோவமோ?"

கூட்டத்தில் எல்லோரும் கை உயர்த்தினார்கள். மண்டரின் பருவம் தொடங்குமட்டும் இருக்க விட்டார்கள், அதுவே பெரிய உபகாரம். கணவர் சியாகுல்லிக்குக் கதைத்து வைத்தார். சீசாவில் எங்கள் பழைய அறையும் வெறுமையாகத்தான் கிடந்ததாம். அதே குடும்பம், அதே எண்ணெய்ச் சட்டி. "என்ன இப்ப, திருப்பி எடுக்கலாம். ஒரு நல்ல கை வந்தால் காணும்," என்றார். மகள் கதவில் ஒட்டிய படத்தை அவளே உரித்தாள். பசை போகவில்லை. நான் சுரண்டப் போனபோது, "lascia, மம்மா, விடுங்கோ," என்றாள்.

நாங்கள் போவதற்குக் கொஞ்சம் முன்னர், நான் வேலைக்குப் போன ஒரு காலையில், சிஞ்ஞோரா என்னைக் குசினிக்குள் கூப்பிட்டார். இரவில் தனியாக இருக்கப் பயமாக இருக்கிறது, பின் அறை சும்மாதான் கிடக்கிறது, அதற்கு மாடிப்படிப் பக்கம் தனி வாசலும் இருக்கிறது என்றார். "நீயும் பிள்ளையும் வரலாம். அவன் வேண்டாம்." நான் துடைக்கிற துணியைப் பிழிந்துகொண்டு நின்றேன். முகாமில் எனக்கு எதிரே இருந்து சீட்டுப் போட்டவர் என் கணவர். பார்ட்னரை நடுவில் விட்டுவிட்டு எழும்பக்கூடாது என்றுதான் எனக்கும் சின்ன வயதில் இருந்து மண்டைக்குள் ஏற்றியிருக்கிறார்கள்.

போகிற நாள் வந்தது. மத்தியானம். சிநேகிதன் கொண்டுவந்த வான் வாசலில் நின்றது. சட்டி பானையெல்லாம் நானும் மகளும் தூக்கி வைத்தோம். சாமான் எடுத்து வெறுமையாய்ப் போன அறையில், சுருட்டிக் கட்டிய மெத்தையின் மேல் கணவர் குந்தியிருந்தார். தூக்க வேண்டியது அந்த மெத்தை மட்டும்தான்.

"எழும்புங்கோ. அதுதான் கடைசி."

"ஒரு கை," என்றார்.

நான் அவரைப் பார்த்தேன். கழுத்தில் வேர்வை ஊத்தை கோடாகப் படிந்திருந்தது. பெருவிரல் போனில் துடித்துக்கொண்டிருந்தது. கோபம் வரும் என்று பார்த்தேன், வரவில்லை. பழுதான சாமானைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கிற மாதிரித்தான் இருந்தது.

"நாங்கள் ரெண்டு பேரும் வரேல்லை," என்றேன். "மேலை சிஞ்ஞோராவோடை இருக்கப்போறம். நான் பாஸ்ஸோ."

அப்போதுதான் நிமிர்ந்தார். சிரித்தார். நான் பகிடி விடுகிறேன் என்று நினைத்திருப்பார்.

"பாஸ்ஸோவோ? அப்பிடி என்ன கையை வைச்சுக்கொண்டு பாஸ் சொல்லுறாய்?"

"உங்களைத்தான்," என்றேன்.

சிரிப்பு அப்படியே நின்றது. என்னவோ சொல்வதற்கு வாயைத் திறந்தார். அந்த நேரம் பார்த்துப் போன் கீச்சென்றது. அவருடைய முறை வந்திருந்தது.

அவர் குனிந்து பார்த்தார்.

நான் மகளின் புத்தகப் பையை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டேன். நாங்கள் படியால் ஏறிப் போனோம்.